பாசத்துக்கும் ராயல்டி!

“ஏன் மாமா, அண்ணன் தங்கச்சிகிட்ட பாசமா நடந்துகிட்டா அதுக்குக்கூடவா கேஸ் போடுவாங்க?”

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் கேட்டாள். கையில் ‘எனோலா ஹோம்ஸ்’ வரிசையின் மூன்றாவது புத்தகம். முதல் இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள். பரீட்சை நேரத்தில் என்னடி கதைப் புத்தகம் என்று அவள் அம்மா கத்துவது சமையலறையிலிருந்து கேட்கிறது.

போடுவார்கள் கண்ணு. போட்டார்கள். 2020 ஜூன் மாதம், அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்திலுள்ள ஃபெடரல் கோர்ட்டில்.

வழக்குப் போட்டது, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலின் எஸ்டேட். எஸ்டேட் என்றதும் வால்பாறையில் தேயிலை பறிக்கும் இடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். செத்துப்போன எழுத்தாளரின் உரிமைகளை வைத்துக்கொண்டு பணம் வசூலிக்கும் கம்பெனி. பிரதிவாதிகள் பட்டியலில் நெட்ஃப்ளிக்ஸ் உண்டு. படம் எடுத்த லெஜெண்டரி உண்டு. புத்தகம் போட்ட பெங்குவின் ராண்டம் ஹவுஸ் உண்டு. கதாசிரியர், டைரக்டர் எல்லாரும் உண்டு. இவர்களோடு நான்சி ஸ்பிரிங்கர் என்ற 71 வயது எழுத்தாளர். எல்லாருக்கும் மூத்த குற்றவாளி அவர்தான். எனோலாவை எழுதியவர் அவர்.

குற்றச்சாட்டு என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வேகமாகச் சொன்னால் நான் கலாட்டா செய்கிறேன் என்று நினைப்பீர்கள்.

ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. நாலு நாவல், 56 சிறுகதை. 1887-ல் ஆரம்பித்து 1927-ல் முடிகிறது. அமெரிக்கச் சட்டப்படி பழைய கதைகளின் உரிமை எல்லாம் எப்போதோ காலாவதி. கடைசிப் பத்துக் கதைகள் மட்டும், அதாவது 1923-லிருந்து 1927 வரை வந்தவை மட்டும், எனோலா புத்தகங்கள் வந்த காலத்தில் உரிமைக்குள் இருந்தன. எஸ்டேட்டின் வாதம் இதுதான்: பழைய கதைகளில் ஹோம்ஸ் ஒரு மெஷின். மூளை உண்டு, மனசு கிடையாது. முதல் உலகப் போர் காலத்தில் டாயில் மூத்த மகனை 1918-லும் தம்பியை 1919-லும் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தில் அவர் எழுத்து மாறியது. ஹோம்ஸ் மனிதன் ஆனார். வாட்ஸன் மேல் பாசம் காட்டினார், பெண்களை மதித்தார், நாய்களை நேசித்தார். ஆகவே கனிவான ஹோம்ஸ் எங்கள் சொத்து. உங்களுக்கு வேண்டுமானால் சிடுமூஞ்சி ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், அது ஃப்ரீ. அவர் தங்கையைப் பார்த்து நெகிழ்ந்தால் எடு பணத்தை!

படிக்கும்போது சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் எரிச்சல்.

முதலில் இவர்கள் சொல்வது உண்மையா என்று பார்த்துவிடலாம். ஹோம்ஸ் கதைகளை அரைகுறையாகப் படித்தவர்கள்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1890-ல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் டோபி என்று ஒரு நாய் வருகிறது. லண்டன் துப்பறியும் போலீஸ் மொத்தத்தையும்விட இந்த ஒரு நாயின் உதவி எனக்குப் போதும் என்கிறார் ஹோம்ஸ். 1891-ல் ஐரீன் ஆட்லர். தன்னைத் தோற்கடித்த அந்தப் பெண்ணின் போட்டோவை ராஜா கொடுக்கும் மோதிரத்துக்குப் பதிலாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார். 1892-ல் ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’. பயந்து நடுங்கி வரும் பெண்ணின் கையைத் தட்டிக் கொடுத்துத் தைரியம் சொல்கிறார். 1910-ல் ‘டெவில்ஸ் ஃபுட்’. தன் விபரீதப் பரிசோதனையால் நண்பன் சாக இருந்தான் என்று குரல் தழுதழுக்க வாட்ஸனிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

நான் ரசித்த சாட்சி இன்னொன்று. 1892-லேயே வந்த ‘காப்பர் பீச்சஸ்’. வயலெட் ஹன்டர் என்ற இளம் ஆசிரியை ஒரு வீட்டில் வேலைக்குச் சேரலாமா என்று யோசனை கேட்டு வருகிறாள். சம்பளம் அதிகம், நிபந்தனைகள் விசித்திரம். அவள் போன பிறகு ஹோம்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் தங்கையாக இருந்தால் இப்படி ஒரு வேலைக்கு அனுப்பவே மாட்டேன் என்ற அர்த்தத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார்.

தங்கை! டாயில் 1892-லேயே போட்டு வைத்த விதை. மகன் சாவதற்கு 26 வருஷம் முன்னால். நான்சி ஸ்பிரிங்கர் செய்ததெல்லாம் அந்தத் தங்கையை நிஜமாகவே பெற்றெடுத்ததுதான்.

உண்மை எஸ்டேட் பக்கமே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும் என்ன? கனிவு, மரியாதை, பாசம் இதெல்லாம் யாருடைய கண்டுபிடிப்பு? ஒரு எழுத்தாளர் தேர்ந்தெடுத்துக் கோத்த வார்த்தைகளைத் திருடினால் அது திருட்டு, சந்தேகமில்லை. ஒரு கதாபாத்திரம் வயசாக ஆகக் கனிந்தது என்பதை எப்படி ஐயா வேலி போட்டு வளைப்பது? நம் வீட்டுப் பெரிசுகளெல்லாம்கூட பேரன் பிறந்ததும் கனிந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பலாமா?

* * *

சரி, யார் இந்த நான்சி ஸ்பிரிங்கர்?

1948-ல் பிறந்த அமெரிக்கர். ஐம்பதுக்கு மேல் புத்தகங்கள். எட்கர் ஆலன் போ பெயரில் அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர்கள் சங்கம் கொடுக்கும் எட்கர் விருதை 1995, 1996 என்று அடுத்தடுத்த வருஷங்களில் வாங்கியவர். இரண்டுமே இளையோருக்கான புத்தகங்களுக்கு. ஆர்தர் ராஜா கதையில் வில்லனாகவே பார்க்கப்பட்ட மோர்ட்ரெட்டைப் பேச வைத்து ஒரு நாவல். ராபின் ஹுட்டுக்கு ஒரு மகள் இருந்தால் எப்படி இருக்கும் என்று 2001-ல் ‘ரோவன் ஹுட்’ என்று ஒரு வரிசை. அப்போதெல்லாம் யாரும் வழக்குப் போடவில்லை. ராபின் ஹுட்டுக்கு எஸ்டேட் இல்லை, பாருங்கள். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தவன் பெயரில் கம்பெனி ஆரம்பிக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

2006-ல் முதல் எனோலா புத்தகம் வந்தது. 2010 வரை ஆறு புத்தகங்கள். கதை நடப்பது 1888-ல். எனோலா ஷெர்லாக்கின் கடைசித் தங்கை. அண்ணன்களுக்கும் அவளுக்கும் ஏகப்பட்ட வயசு வித்தியாசம். அவளுடைய 14-வது பிறந்தநாளன்று அம்மா காணாமல் போகிறாள். அண்ணன்கள் மைக்ராஃப்டும் ஷெர்லாக்கும் வருகிறார்கள். வந்ததும் மூத்தவர் செய்யும் முதல் வேலை, தங்கையை போர்டிங் ஸ்கூலில் போட்டு, இடுப்பை இறுக்கும் கார்செட் மாட்டி, ‘சீமாட்டி’ ஆக்க ஏற்பாடு செய்வது.

வீடு யாருடையது? மைக்ராஃப்டுடையது. நிலம்? மைக்ராஃப்ட். பணம்? மைக்ராஃப்ட். தங்கை? அவளும் மைக்ராஃப்ட் பொறுப்பில். அப்பா செத்ததும் மூத்த மகன் எல்லாவற்றுக்கும் அதிபதி. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? இல்லாத வேலைக்காரர்களுக்குச் சம்பளம், வராத டீச்சருக்குச் சம்பளம், செய்யாத ரிப்பேருக்குச் செலவு என்று வருஷக்கணக்காகப் பொய்க் கணக்கு எழுதி மகனிடமிருந்து பணம் கறந்து சேர்த்து, ஒருநாள் கம்பி நீட்டிவிட்டாள். மகளுக்கும் ஒரு பங்கை ஒளித்து வைத்துவிட்டு, பூக்களின் சங்கேத பாஷையில் குறிப்பு எழுதி வைத்துப் போயிருக்கிறாள். அரிசிப் பானைக்குள் ரூபாய் நோட்டு ஒளித்து வைக்கும் நம்மூர் அம்மாக்களுக்கு இந்த அம்மாவைப் புரியும்.

மகளும் ஓடுகிறாள். லண்டனுக்கு. அங்கே தொலைந்த மனிதர்களையும் பொருட்களையும் கண்டுபிடித்துத் தரும் ஆபீஸ் ஒன்றைத் திறக்கிறாள். ஆனால் 14 வயசுப் பெண்ணிடம் யார் கேஸ் கொடுப்பார்கள்? எனவே டாக்டர் ராகோஸ்டின் என்று ஒரு ஆண் நிபுணரைக் கற்பனையாக உருவாக்கிப் போர்டு மாட்டுகிறாள். ஆபீஸில் உட்கார்ந்திருப்பது அவருடைய செக்ரட்டரி ஐவி மெஷ்லி. எல்லாம் அவளேதான். மெஷ்லி என்பது ஹோம்ஸைத் திருப்பிப் போட்டுச் செய்த பெயர். டாக்டர் எப்போதும் வெளியே போயிருப்பார். மூளை அவளுடையது, உழைப்பு அவளுடையது, பெயர்ப்பலகையில் மட்டும் இல்லாத ஒரு ஆம்பளை.

இதை எழுதிய பெண்ணிடம்தான் வக்கீல்கள் வந்து, “இந்தக் கடையின் ஓனர் ஐயா யாரு?” என்று கேட்டார்கள்!

சின்னப் பசங்க புத்தகம்தானே என்று ஒதுக்குகிற பெரிய மனிதர்களுக்கு ஒரு தகவல். விக்டோரியா காலத்து லண்டன் என்றால் நமக்குச் சினிமா காட்டுவது மூடுபனி, குதிரை வண்டி, தொப்பி. நான்சி ஸ்பிரிங்கர் காட்டுவது கிழக்கு லண்டன். நிற்கவும் தெம்பில்லாமல் தெருவில் தவழ்ந்து திரியும் கிழவிகள். அவர்களுக்கு ராத்திரியில் கறுப்பு உடைபோட்ட கன்னியாஸ்திரி வேஷத்தில் ரொட்டியும் கம்பளியும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் எனோலா. இடது கைப் பழக்கமுள்ள பெண்ணை அடக்கி வலது கையால் எழுத வைக்கிற வீடு ஒன்று இரண்டாவது புத்தகத்தில் வருகிறது. பெண் உடம்பை நசுக்கிய கார்செட் இவள் கையில் கத்தியை ஒளிக்கும் உறையாகவும் கவசமாகவும் ஆகிறது. சரித்திரப் பாடத்தில் ராணியின் ஆட்சிக் காலத்தை மனப்பாடம் செய்து மறந்துபோகிற பிள்ளைக்கு, அந்த ராணி ஆண்ட ஊரில் ஒரு பெண்ணுக்குத் தன் பணத்தைத் தானே வைத்துக்கொள்ள என்ன பாடு என்பது இந்தத் துப்பறியும் கதையில் தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து எந்த டெக்ஸ்ட் புக்கும் இதைச் செய்ததில்லை.

அதே புத்தகங்களில் ஷெர்லாக் முதலில் அலட்சியமாக நடந்துகொள்கிறார். தங்கை தன்னை முந்தி முந்திப் போகப் போக, அவருக்கு மரியாதை வருகிறது. ஆறு புத்தகத்தின் அடிநாதமே அதுதான். தங்கையை ஒரு அண்ணன் மனுஷியாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிற கதை. அதற்கு லைசென்ஸ் வாங்கணும் என்றால், தங்கையை மதிக்காத அண்ணன் கதையை மட்டும் இனாமாக எழுதலாம் என்று அர்த்தம்!

* * *

இந்த எஸ்டேட்டுக்கு இது முதல் வழக்கு அல்ல. லெஸ்லி கிளிங்கர் என்று ஒருவர். ஹோம்ஸ் கதைகளில் கரை கண்டவர். தொழிலில் வக்கீல். அங்கேதான் எஸ்டேட் சறுக்கியது. பல எழுத்தாளர்களின் புதிய ஹோம்ஸ் கதைகளைத் தொகுத்து 2011-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். எஸ்டேட் 5,000 டாலர் கேட்டது, பதிப்பகம் கொடுத்துவிட்டது. இரண்டாவது தொகுப்புக்கும் கேட்டார்கள். பணம் தராவிட்டால் அமேசானிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிளிலும் புத்தகம் விற்கும் என்று எதிர்பார்க்காதே என்று எச்சரிக்கை வேறு. கிளிங்கர் கோர்ட்டுக்குப் போனார். 2013-ல் ஜெயித்தார். அப்பீலில் 2014-ல் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எஸ்டேட்டை வறுத்தெடுத்துவிட்டார். சட்டப்படி ஒரு பைசா கேட்க உரிமையில்லாத இடத்தில், சண்டை போடுவதைவிடக் கொடுத்துவிடலாம் என்று எதிராளி நினைக்கிற அளவுக்குக் கொஞ்சமாகக் கேட்பது, இதுதான் இவர்கள் வியாபார உத்தி, இது மிரட்டிப் பணம் பறிக்கிற வகை என்று எழுதினார். கிளிங்கர் செய்தது பொதுச் சேவை என்று சொல்லி, அப்பீலுக்கு ஆன வக்கீல் செலவாக 30,679 டாலர் கொடுக்கச் சொன்னார்.

நம்ம ஊர்ப் பேருந்து நிலையத்தில் சைக்கிள் டோக்கன் போடுகிறவர் கேட்கிற மாதிரிதான். அஞ்சு ரூபாய்க்காக யார் சண்டை போடுவது என்று கொடுத்துவிட்டுப் போகிறோம் அல்லவா, அதே கணக்கு.

இவ்வளவு அடி வாங்கியும் 2015-ல் ‘மிஸ்டர் ஹோம்ஸ்’ படத்துக்கு ஒரு வழக்கு. அதில் ஹோம்ஸ் வயசான காலத்தில் வருகிறார். அது சமரசத்தில் முடிந்தது. பிறகு 2020-ல் எனோலா.

சரி, யாருக்காக இந்த வசூல்? டாயிலுக்கு ஐந்து பிள்ளைகள். கடைசியாக உயிரோடு இருந்த மகள் 1997-ல் இறந்துபோனார். ஐந்து பேருக்கும் வாரிசு இல்லை. பேரன் பேத்தி என்று ஒருத்தரும் கிடையாது. உரிமை சுற்றி வளைத்து உறவினர்களிடம் போயிருக்கிறது. இதைத்தான் ‘எழுத்தாளன் குடும்பத்தின் வயிற்றில் அடிக்கிறீர்களே’ என்று சில நண்பர்கள் என்னிடம் உருகுகிறார்கள். எழுத்தாளனின் மனைவி, பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பாரதியின் பாடல்களை 1949-ல் நம் மாகாண அரசு பொதுவில் எடுத்துக்கொண்டபோது குடும்பத்துக்கும் பணம் தந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு அப்படி நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. தொகை போதுமா என்று சண்டை போடலாம், போடணும். ஆனால் செத்து 90 வருஷம் ஆனவரின் தூரத்துச் சொந்தத்துக்காக, உயிரோடு இருக்கும் 71 வயது எழுத்தாளரைக் கோர்ட்டுக்கு இழுப்பது எந்த ஊர் எழுத்தாளர் நலம்?

டாயில் உயிரோடு இருந்தபோது என்ன கிடைத்தது தெரியுமா? முதல் ஹோம்ஸ் நாவலின் மொத்த உரிமையையும் 25 பவுண்டுக்கு விற்றார். அவ்வளவுதான். காப்புரிமை பற்றிய இத்தனை ஆவேசம் அப்போது வந்திருந்தால் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

அந்த மனிதர் இவர்களைப் போலவும் இல்லை. வில்லியம் கில்லட் என்ற நடிகர் ஹோம்ஸை வைத்து நாடகம் எழுதும்போது, ஹோம்ஸுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாமா என்று தந்தி அடித்துக் கேட்டார். கல்யாணம் பண்ணு, கொல்லு, உன் இஷ்டம்போல என்னவும் பண்ணு என்கிற தொனியில் டாயிலிடமிருந்து பதில் வந்தது. அந்த நாடகம் 1899-ல் மேடை ஏறியது. டாயிலும் ஒருவரிடமிருந்து எடுத்தவர்தான். கூர்மையான துப்பறிவாளன், அவனைப் பார்த்து வாய் பிளந்து கதை சொல்லும் நண்பன், ஒன்றும் புரியாத போலீஸ். இந்த செட்டப் மொத்தமும் எட்கர் ஆலன் போ 1841-ல் துப்பான் கதையில் செய்தது. கடன்பட்டிருக்கிறேன் என்று டாயிலே பலமுறை வெளிப்படையாகச் சொன்னார். போவின் எஸ்டேட் என்று ஒன்று அன்றைக்கு நோட்டீஸ் விட்டிருந்தால் பேக்கர் தெருவில் 221பி என்று ஒரு கதவே திறந்திருக்காது. நம் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதித் தள்ளாமல் இருந்திருந்தால் தமிழில் துப்பறியும் கதை படிக்கிற பழக்கம் வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. அவர்கள் தழுவிய விதத்தைப் பற்றி எனக்குப் புகார் உண்டு, அது வேறு கட்டுரை.

இதில் வெறும் எஸ்டேட்டை மட்டும் திட்டினால் பாதி நியாயம்தான். கதவைத் திறந்து வைத்தது அமெரிக்க நாடாளுமன்றம். 1998 அக்டோபரில் ஒரு சட்டம் போட்டு, உரிமைக் காலத்தை 75 வருஷத்திலிருந்து 95 ஆக்கினார்கள். 1923-ல் வெளியான படைப்புகள் எல்லாம் இன்னும் இரண்டே மாதத்தில் பொதுச்சொத்து ஆக இருந்தன. கல்யாண மண்டபத்து வாசல்வரை வந்த மாப்பிள்ளையை இருபது வருஷம் கழித்து வா என்று திருப்பி அனுப்பிய மாதிரி 2019-க்குத் தள்ளிப் போட்டார்கள். அந்தச் சட்டம் மட்டும் வராமல் இருந்திருந்தால் கடைசி ஹோம்ஸ் கதைகூட 2003 ஜனவரியில் விடுதலை ஆகியிருக்கும். எனோலா பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே. வழக்கே கிடையாது! டாயிலின் சொந்த நாடான இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டோடு எல்லாம் முடிந்தது. இந்தியாவில் அதற்கும் இருபது வருஷம் முன்பே, 1980-ம் ஆண்டோடு. கனிவான ஹோம்ஸ் திருவல்லிக்கேணியில் ஃப்ரீ, நியூயார்க்கில் காசு!

வழக்கு என்ன ஆனது? படம் 2020 செப்டம்பரில் வந்தது. பிரதிவாதிகள் தரப்பு, கனிவும் பச்சாதாபமும் மரியாதையும் யாருக்கும் சொந்தமான சரக்கு இல்லை என்று பதில் போட்டது. டிசம்பரில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார்கள். தீர்ப்பு இல்லை. எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம். பாசத்துக்கு ஓனர் உண்டா இல்லையா என்று ஒரு நீதிபதி வாயால் கேட்க ஆசையாக இருந்தேன். நெட்ஃப்ளிக்ஸுக்கு வக்கீல் பட்டாளம் உண்டு, சமாளித்தது. இதே கதையைச் சின்னப் பதிப்பகத்தில் போட்ட ஒரு புது எழுத்தாளருக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால்? ஹோம்ஸை அடித்துவிட்டு வேறு பெயர் போட்டிருப்பார். அல்லது அண்ணனைச் சிடுமூஞ்சியாகவே விட்டிருப்பார். அல்லது எழுதாமலே விட்டிருப்பார். அப்படி எழுதாமல் விட்ட புத்தகங்களின் பட்டியல் எந்த லைப்ரரியிலும் இருக்காது.

2023 ஜனவரி 1-ம் தேதி கடைசி ஹோம்ஸ் கதையும் அமெரிக்காவில் பொதுச்சொத்து ஆகிவிட்டது. இனிமேல் ஹோம்ஸ் அழலாம், சிரிக்கலாம், நாய்க்கு பிஸ்கட் போடலாம். நான்சி ஸ்பிரிங்கரும் ஓயவில்லை. பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகு 2021, 2022, 2023 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று புது எனோலா புத்தகங்கள்.

அக்கா மகளிடம் இத்தனையும் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டாள். அப்புறம், “சரி மாமா, நாலாவது எப்ப வாங்கித் தருவீங்க?” என்றாள். பரீட்சை முடியட்டும் என்றேன். “நீங்களும் மைக்ராஃப்ட்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாளைக்கே வாங்கிவிட வேண்டியதுதான்.